கதவைத் திறந்தால் பேசும் மோடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று கருத்தரங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்கு உபயோகமா ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். "எம்பெடட் ரேடியோ மோடத்துக்கு ஆன்டெனா தேர்ந்தெடுப்பதும் இணைப்பதும்" என்று தலைப்பு கொடுத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுல பேச என்னப்பா இருக்கு? வாங்கி மாட்ட வேண்டியதுதானே?" என்றார். அவர் சிவில். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இ.சி.இ. படித்த நானே 2018-ஆம் வருஷம் ஐந்து மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன். பெருமைப்படுகிற கதை இல்லை. பெருமைக் கதை சொல்வதற்கு எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஆன்டெனா ஒன்றும் புதிதல்ல. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, நம் தென்பக்கத்துக் கடலோர ஊர்களில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஜி.ஐ. பைப் முளைத்தது. மேலே அப்பா பைப்பைப் பிடித்துத் திருப்புவார். கீழே டிவி முன்னால் அக்கா. நடுவே படிக்கட்டில் ஒரு பொடியன் நின்று செய்தி கடத்துவான். "தெரியுதா?" "தெரியல!" "இப்போ?" "வந்துச்சு... ஐயோ, போயிருச்சு!" அந்தப் பொடியன் நான்தான். அந்தக் கம்பிக்கூட்டுக்கு யாகி-உடா என்று பெயர், 1920களில் ஜப்பானில் டொஹோகு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்தது என்பதெல்லாம் இங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் தெரிந்தது. மேலிருந்து இறங்கிய நாடா கேபிள் 300 ஓம், டிவிக்குள் போவது 75 ஓம், நடுவே இருந்த சின்ன டப்பி அந்த இரண்டையும் ராசியாக்குவதற்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக்குக்கு இது எதுவும் படிக்காமலே தெரியும். ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும், உயரத்தில் இருக்க வேண்டும், படுக்கை நிற்கை பார்த்து மாட்ட வேண்டும், அதற்குரிய கேபிளைப் போட வேண்டும். பி.இ. முடித்து இருபத்தாறு வருஷம் கழித்து, இந்த நான்கையும் நான் ஒரே இடத்தில் தப்பாகச் செய்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தென்மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊரின் ஒரு பக்கம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பதினைந்து மீட்டர் உயரம். அதற்கு 1.8 கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு அந்தப் பக்கம், கிணறும் பம்ப் ரூமும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டேங்க் ஆபரேட்டர் சைக்கிளில் போய், இரும்பு ஏணியில் ஏறி, எட்டிப் பார்த்து, இறங்கி, திரும்பி வந்து மோட்டார் போட வேண்டும். ஐம்பத்தெட்டு வயது மனிதர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவரை ஏணி ஏறவிடாமல் செய்வதுதான் எங்கள் வேலை. தொட்டியில் ஒரு லெவல் சென்சார், அதோடு ஒரு லோரா மோடம். பம்ப் ரூமில் இன்னொரு மோடமும் ஒரு டிஸ்ப்ளேயும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன மெசேஜ். அவ்வளவுதான்.

ஆபீஸில் பிரமாதமாக ஓடியது. ஒரு மோடத்தை எங்கள் மாடியில் வைத்து, இன்னொன்றை பைக்கில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். ஒன்றரை கிலோமீட்டர் வரை ஒரு மெசேஜ்கூடத் தவறவில்லை. ஜூன் மாதம் கொண்டுபோய் மாட்டினோம். மாட்டிய அன்று வேலை செய்தது. மறுநாளிலிருந்து பத்து மெசேஜில் மூன்று வந்தால் அதிகம்.

ரேடியோ பகுதிக்கான புரோகிராமை எழுதியவன் ஒரு இளைஞன், எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனைக் கூப்பிட்டு, "உன் ரீட்ரை லாஜிக்கில் கோளாறு, திருப்பி எழுது" என்றேன். எழுதினான். சரியாகவில்லை. மறுபடி எழுதச் சொன்னேன். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் புது புரோகிராமை ஏற்றுவதற்காகப் பஸ் பிடித்துப் போவான். அங்கே போனால் எல்லாம் சரியாக ஓடும். திரும்பி ஆபீஸ் வந்து சேர்வதற்குள் நின்றுபோகும். "சார், நான் அங்க இருக்கும்போது நல்லா வேலை செய்யுது சார்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கோ" என்றேன். நாலு பேர் முன்னால். எல்லாரும் சிரித்தார்கள். அக்டோபரில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

நவம்பரில், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நேரம், நானே போக வேண்டியதாயிற்று. பம்ப் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இரும்புத் தகடு பேனல். எங்கள் மோடம், டிஸ்ப்ளே எல்லாம் அதற்குள் அழகாக இருந்தன. திருடு போகாது, தூசி படாது என்று நான்தான் அப்படி வரையச் சொன்னேன். லேப்டாப்பை இணைப்பதற்காகப் பேனல் கதவைத் திறந்தேன். உடனே மெசேஜ் வர ஆரம்பித்தது. மழைக்காற்றில் கதவு தானே சாத்திக்கொண்டது. மெசேஜ் நின்றது. திறந்தேன், வந்தது. மூடினேன், நின்றது. மூன்றாவது தடவை மூடும்போது எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது. அவன் போனபோதெல்லாம் வேலை செய்தது ஏன் என்றால், புரோகிராம் ஏற்றக் கதவைத் திறக்காமல் முடியாது. வேலை முடிந்ததும் ஒழுங்கான பையனாகக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வந்த ஒவ்வொரு மெசேஜும் எவ்வளவு பலத்தோடு வந்தது என்று அவன் முதல் நாளிலிருந்தே லாக்கில் எழுதி வைத்திருந்தான். நான் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். கதவு மூடியிருந்தால் மைனஸ் 127 டி.பி.எம். திறந்திருந்தால் மைனஸ் 108. நாங்கள் வைத்திருந்த வேகத்தில் அந்த ரிசீவர் சிப்புக்குக் காது கேட்கும் எல்லையே மைனஸ் 129 சுமார்தான். அதாவது மோடம் மூச்சுத் திணறிக்கொண்டு இருந்திருக்கிறது.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். 3 டி.பி. என்றால் பாதி, 10 டி.பி. என்றால் பத்தில் ஒன்று. திறந்தவெளியில் 6 டி.பி. போனால் எட்டும் தூரம் பாதியாகிவிடும். எங்கள் மோடம் அனுப்பியது 100 மில்லிவாட், அதாவது 20 டி.பி.எம். அலைவரிசை 866 மெகாஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் ஒழுங்கான ஆன்டெனா, நடுவில் தடையில்லை என்று வைத்துக்கொண்டால் 1.8 கிலோமீட்டருக்கு அப்பால் மைனஸ் 75 அளவுக்கு வர வேண்டும். தென்னந்தோப்புக்கு ஒரு பன்னிரண்டு கழியுங்கள். மைனஸ் 87. வந்ததோ மைனஸ் 127. நடுவிலே 40 டி.பி. எங்கே போயிற்று? பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் போட்டுவிடலாம். ஜூன் மாதமே போட்டிருந்தால் ஒருவனும் வேலையை விட்டிருக்க மாட்டான்.

திருடர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். முதல் திருடன் இரும்புப் பேனல், அவன் கையில் 19. பேனலுக்குள் ஆன்டெனா நிமிர்ந்து நிற்க இடமில்லை என்று, எல்போவை மடக்கிப் படுக்க வைத்திருந்தோம். தொட்டி மேல் இருந்தது நிமிர்ந்து நிற்கிறது. அனுப்புவது செங்குத்து, வாங்குவது கிடை. ஜோர்டன்-பால்மெய்ன் புத்தகப்படி பார்த்தால் ஒன்றுமே வரக்கூடாது. நடைமுறையில் சுவர், மரம், தகடு எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி ஏதோ கொஞ்சம் வரும். ஆனாலும் 10, 20 டி.பி. போவது சாதாரணம். ரூபவாஹினி காலத்து அப்பாக்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் மழை விட்டதும் தொட்டி மேல் ஏறினேன். அங்கே இருந்தது காந்த அடியுள்ள ஒரு சின்னக் குச்சி ஆன்டெனா. கால் அலைநீளக் குச்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பாதி ப்ராஜெக்டுகளில் நான் பார்க்கிற தவறு இதுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 866-க்கு 34.6 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.7. நிஜமாக வெட்டும்போது இன்னும் நாலைந்து சதவீதம் குட்டையாக வரும். சரி, அந்தக் குச்சி ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி எங்கே? அதன் கீழே இருக்கும் உலோகத் தளம்தான் மறுபாதி. கார் கூரை மேல் வைத்தால் கூரை அந்த வேலையைப் பார்க்கும். அதற்காகத்தான் அடியில் காந்தமே வைத்திருக்கிறார்கள். தொட்டி மேல் கான்கிரீட். காந்தம் ஒட்டவில்லை. ஒட்டவில்லையே, ஏன் என்று யோசிக்காமல், ஆள் வைத்து கைப்பிடி இரும்புக் குழாயோடு சேர்த்து டை போட்டுக் கட்டிவிட்டோம்! கீழே தளம் இல்லை, பக்கத்தில் ஒட்டினாற்போல் இரும்பு. இதைவிடக் கெடுதலாகக் கட்ட வேண்டும் என்றால் தனியாக யோசிக்க வேண்டும்.

தளம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? அரை அலை டைபோல் வகையைச் சேர்ந்த ஆன்டெனா வாங்குங்கள். அதற்கு இரண்டு பாதியும் உள்ளேயே இருக்கும், வெளியே தளம் தேவையில்லை. பைபர்கிளாஸ் குழாய்க்குள் வருகிறது, ஜி.ஐ. பைப்பில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். பக்கத்தில் எந்த இரும்பும் ஒரு அலைநீளமாவது தள்ளி இருக்கட்டும், நம் கேஸில் ஒரு அடிக்கு மேல். இதே விஷயம் பி.சி.பி. மேல் வைக்கிற அரிசிமணி அளவு சிப் ஆன்டெனாவுக்கும் பொருந்தும். அந்த அரிசிமணி ஆன்டெனா இல்லை. போர்டின் கிரவுண்ட் காப்பர் முழுவதும் சேர்ந்துதான் ஆன்டெனா. 866-க்கு நான்கு சென்டிமீட்டர் போர்டில் அதை வைத்துவிட்டு டேட்டாஷீட்டில் போட்ட தூரம் எட்டவில்லை என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. சிப்புக்குக் கீழேயும் சுற்றியும் எவ்வளவு இடத்தில் காப்பர் இருக்கக்கூடாது என்று படம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தப் படத்தை அளவு மாறாமல் அப்படியே காப்பி அடியுங்கள். பரீட்சையில் செய்யாதீர்கள், இங்கே செய்யுங்கள். மோடத்திலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் தடம் 50 ஓமாக இருக்க வேண்டும். நம்ம ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிற 1.6 மில்லிமீட்டர் எஃப்.ஆர்.4 இரட்டைப் பக்க போர்டில், கீழே முழு கிரவுண்டோடு, அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் அகலம். மயிரிழைத் தடம் போட்டுவிட்டு வராதீர்கள். வழியில் மூன்று காலி பேட் விட்டு வையுங்கள், பின்னால் ராசி பண்ண ஒரு காயிலோ கெப்பாசிட்டரோ போட உதவும்.

தொட்டி மேல் இருந்த குச்சியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் '915' என்று எழுதியிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் வாங்கியது. கடைக்காரர், "எந்த பேண்ட் சார்?" என்று கேட்டார். "லோராவுக்குப்பா" என்றேன். அவர் மேல் தப்பே இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி மோடங்கள் 902 முதல் 928 வரை ஓடும். நம் நாட்டில் 2005-இல் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கத் திறந்துவிட்டது 865 முதல் 867 வரை. 2021-இல் அது 868 வரை நீண்டது. ஆன்டெனா தவறினால் நமக்கு மட்டும்தான் நஷ்டம். மோடத்தையே 915-இல் வைத்து ஓட்டினால் அது வேறு விவகாரம். 890 முதல் 915 வரை நம் ஊரில் செல்போன்கள் டவரோடு பேசுகிற பேண்ட். வெளிநாட்டு மோடமை வாங்கி, வந்த செட்டிங்கிலேயே ஆன் செய்யும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆன்டெனா பொருந்தாமல் நாலில் ஒரு பங்கு பவர் திரும்பி வந்தாலும் நஷ்டம் ஒண்ணேகால் டி.பி.தான். பேனலும் கைப்பிடிக் குழாயும் செய்த கொலைக்கு முன்னால் இது பிக்பாக்கெட். ஸ்டிக்கரைப் பார்த்ததும் 'கண்டுபிடிச்சிட்டேன்' என்று துள்ளி, அதை மட்டும் மாற்றிவிட்டு இறங்கியிருந்தால் இன்னும் ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

அடுத்தது கேபிள். குச்சியோடு வந்தது ஐந்து மீட்டர் ஆர்.ஜி.174, பென்சில் லீடைவிடக் கொஞ்சம் தடிமன். மோடம் பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் தேவைப்பட்டது ஒரு மீட்டர். மீதியை அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தோம். இந்த அலைவரிசையில் அந்தக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 1 டி.பி. தின்னும். ஐந்து மீட்டர், ஐந்து டி.பி. 100 மில்லிவாட் அனுப்பினால் கேபிளின் மறுமுனைக்கு 32 மில்லிவாட்தான் வரும். மீதியெல்லாம் கேபிளைச் சூடாக்கப் போயிற்று. பம்ப் ரூமிலும் இதேபோல் ஒரு மூன்று மீட்டர். ஆக எட்டு. தடிமனான ஆர்.ஜி.58 ஏறக்குறைய பாதிதான் தின்னும். இன்னும் தடித்த நல்ல கேபிள்கள் அதிலும் குறைவு. ஆனால் எல்லாவற்றிலும் சிறந்த கேபிள் குட்டைக் கேபிள். மோடத்தை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், நீளத்தை சப்ளை ஒயரிலும் டேட்டா ஒயரிலும் விடுங்கள். சில பேர் வீட்டில் மிச்சமிருக்கும் கேபிள் டிவி ஒயரை, 75 ஓம், போட்டுப் பார்ப்பார்கள். அதில் பொருத்தம் கெடுவது கொஞ்சம்தான், பெரிய குற்றம் இல்லை. அதன் முனையில் எஸ்.எம்.ஏ. கனெக்டரை எப்படியோ வைத்துச் சாலிடர் செய்வார்கள் பாருங்கள், அதுதான் குற்றம்.

கனெக்டரில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. எஸ்.எம்.ஏ. என்று ஒன்று, ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ. என்று ஒன்று. மறை ஒரே மாதிரி. நடு ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். வைஃபை ரூட்டர் ஆன்டெனாக்களில் பெரும்பாலும் ரிவர்ஸ்தான். அமெரிக்காவில் கண்ட ஆன்டெனாவையும் மாட்டிவிடக் கூடாது, கனெக்டர் தனி மாதிரி இருக்க வேண்டும் என்று விதி வைத்ததால் வந்த வினை. இதை அதில் திருகினால் ஜம்மென்று ஏறும், இறுகும், கைக்கு நல்ல திருப்தியாக இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் ஓட்டை, ஊசியே இல்லை! அல்லது ஊசியும் ஊசியும் மோதிக்கொண்டு நிற்கும். மாட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஊசி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் ஓட்டை. அதேபோல் போர்டு மேல் பொட்டு மாதிரி இருக்கும் யு.எஃப்.எல். கனெக்டர். அதைத் தயாரிப்பவர்களே முப்பது தடவை மாட்டிக் கழற்றத்தான் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். லேபில் ஒரு வாரத்தில் அதைத் தாண்டிவிடுவீர்கள். அப்புறம் தொட்டால் வரும், விட்டால் போகும். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பிய பவர் போக இடமில்லாமல் திரும்பி வரும், பவர் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போகலாம்.

சிம் கார்டு போடும் 4ஜி மோடம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. அதற்கு 866 மட்டும் போதாது. நம் நாட்டில் பல பேண்டுகளில் தாவும், ஆகவே அகலமாக வேலை செய்யும் ஆன்டெனா வேண்டும். இரண்டு ஆன்டெனா முனை கொடுத்திருந்தால் இரண்டாவது சும்மா கொடுத்ததில்லை. அதையும் மாட்டுங்கள், ஒட்டினாற்போல் வைக்காமல் தள்ளி.

சரி, தொட்டிக்கு வருவோம். என்ன செய்தோம்? தொட்டி மேல் இரும்புப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, பக்கத்தில் தனி ஜி.ஐ. பைப்பில் 866-க்கான பைபர்கிளாஸ் ஆன்டெனா, இடியிறங்கும் கம்பியைவிடத் தாழ்வாக, ஒரு மீட்டர் கேபிள், நடுவில் எர்த் செய்த ஒரு சர்ஜ் அரெஸ்டர். கேபிளை நேரே மேலிருந்து பெட்டிக்குள் இறக்காமல், 'ப' எழுத்து மாதிரி கீழே தொங்கவிட்டு அடியிலிருந்து உள்ளே கொண்டுபோனோம், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகட்டும் என்று. கனெக்டர் மேல் தன்னில்தானே ஒட்டும் ரப்பர் டேப். பம்ப் ரூமில் மோடம் பேனலுக்குள்ளேயே இருக்கட்டும், ஆன்டெனா மட்டும் கூரைக்கு மேலே, நிமிர்ந்து. இரண்டு மீட்டர் நல்ல கேபிள். தென்னந்தோப்பை ஒன்றும் செய்ய முடியாது. பார்வைக்கோடு மரத்துக்கு மேலே போனால்கூடப் போதாது, அந்தத் தூரத்துக்கு நடுவில் அலைக்குச் சுற்றிலும் பன்னிரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டியிருக்கும். அவ்வளவு உயர பைப்புக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதை அப்படியே விட்டோம். பேனல் கதவைச் சாத்திவிட்டு லாக்கைப் பார்த்தேன். மைனஸ் 86. புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. அந்தப் பையன் முதல் தடவை எழுதியதையே திரும்ப ஏற்றியிருந்தேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதை. அன்று நான் போனபோது அவர் முழங்காலில் கட்டு. மெசேஜ் வராவிட்டால் டிஸ்ப்ளே கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும்படி நான் சொல்லியிருந்தேன். காலியாகக் காட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது என்று. ஒரு ராத்திரி அது அறுபது சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. விடிந்தால் ஊருக்குத் தண்ணீர் விட வேண்டும். சந்தேகப்பட்டு, மழையோடு மழையாக டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறியிருக்கிறார். தொட்டி காலி. இறங்கும்போது இரண்டு படி வழுக்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டதால் முழங்காலோடு போயிற்று. "சார், ஒங்க பொட்டி பேசலைன்னாக்கூட பரவால்ல, நான் பாட்டுக்கு ஏறிப் பாத்துக்கிடுவேன். பேசுத மாதிரி இருந்துக்கிட்டு பொய் சொல்லுது பாத்தீங்களா, அதான் சங்கடம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். அன்று சாயங்காலமே டிஸ்ப்ளேயை மாற்றினேன். இருபது நிமிஷம் மெசேஜ் இல்லையென்றால் எண் அழிந்து கோடு வரும்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். நம்பர் இருந்தது, கை வர இரண்டு வாரம் ஆயிற்று. கதவு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லாக்ல இருந்துச்சே சார்" என்றான். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான். அது பரவாயில்லாத விஷயம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆபீஸில் அன்று சிரித்த நாலு பேரையும் உட்காரவைத்து அதே கதையைச் சொன்னேன், இப்போது உங்களுக்குச் சொல்கிற மாதிரி.

கடைசியாக ஒரு சாமான். எங்கள் காலத்தில் ஆன்டெனாவை அளந்து பார்க்கும் நெட்வொர்க் அனலைசர் என்றால், கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும். 2019 வாக்கில் நானோ வி.என்.ஏ. என்று உள்ளங்கை அளவில் ஒன்று மலிவாக வர ஆரம்பித்தது. ப்ராஜெக்டுக்கு நாலு பேர் சேர்ந்து போடும் காசில் வாங்கிவிடலாம். ஆன்டெனா மாட்டுகிற முனையில் வைத்துக் கேலிபரேட் செய்துவிட்டு, 866-இல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பாருங்கள். மைனஸ் 10 டி.பி. என்றால் பத்தில் ஒன்றுதான் திரும்புகிறது, போதும். அளப்பதைப் பெட்டி மூடியை மூடி, பேட்டரி உள்ளே இருக்க, எங்கே மாட்டப் போகிறீர்களோ அந்த மாதிரி வைத்து அளங்கள். மேஜை மேல் அளந்தால் மேஜையில் வேலை செய்யும். ஆனால் இந்த மீட்டரும் ஏமாற்றும். ஒரு 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பாருங்கள், பிரமாதமான ஆன்டெனா என்று காட்டும். திரும்பி ஒன்றும் வராது, வெளியேயும் ஒன்றும் போகாது. நீளமான மட்டக் கேபிளும் அப்படித்தான், திரும்பி வருவதை வழியிலேயே தின்றுவிட்டு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும். அதனால் மீட்டரைப் பார்த்தாலும், கடைசியில் மறுமுனையில் எத்தனை டி.பி.எம். வந்து சேர்ந்தது என்று லாக்கில் பாருங்கள்.

என் நானோ வி.என்.ஏ. இந்தப் பையில்தான் இருக்கிறது. டீ இடைவேளை முடிந்ததும் கம்யூனிகேஷன் லேபில் இருப்பேன், துறைத் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். ஃபைனல் இயர் மாணவர்கள் உங்கள் ப்ராஜெக்ட் பெட்டியைக் கொண்டு வாருங்கள். மூடியையும் மறக்காமல் எடுத்துட்டு வாங்க.